ஒரே அதிகாரத்தில் இரண்டு விருந்து

நான் அன்றைக்குச் சரியான நேரத்தில் இருமியிருந்தால் எஸ்தர் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும் என்று என் நாத்தனார் சுகுணா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எஸ்தர் சுகுணாவின் ஒரே மகள். அப்பா இல்லாத பெண். என் வீட்டுக்காரர் ஜீவரத்தினம் அவளுக்குத் தாய்மாமன்; அவர் தோளில் வளர்ந்தவள். கல்யாண ஆராதனையில் வேதம் வாசிப்பது மாமாதான் என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள்.

நான் வெளியிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து கோயிலுக்குள் கால் வைத்தபோது, என் வீட்டுக்காரர் மேடையில் நின்று பறவைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆமாம், பறவைகளைத்தான். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் முதல் பாதியில் ஆட்டுக்குட்டியானவரின், அதாவது கர்த்தரின், கல்யாண விருந்து வரும். அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லும் இடம் கல்யாணத்துக்கு வெகு பொருத்தம். அங்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் போனால் வெள்ளைக் குதிரை வரும், வாள் வரும். அப்புறம் ஒரு தேவதூதன் சூரியனுக்குள் நின்றுகொண்டு ஆகாயத்துப் பறவைகளையெல்லாம் இன்னொரு விருந்துக்குக் கூப்பிடுவான். அந்த விருந்தில் இலையில் விழுவது ராஜாக்களும் சேனைத்தலைவர்களும் அவர்கள் ஏறிவந்த குதிரைகளும்.

மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் கழுத்து மாலையோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். இவரோ முகமெல்லாம் பிரகாசமாக, குரலை ஏற்றி இறக்கி, ஒரு பறவையையும் விடாமல் அழைத்து முடித்துவிட்டு, இது கர்த்தருடைய வசனம் என்றார். சபையார் பழக்க தோஷத்தில் தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று பலமாகச் சொன்னார்கள்.

கோயில் என்றால் எந்தக் கோயில்?

திருத்தணிக்காரர்களிடம் கோயில் என்றால் எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் எங்களுடையதைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஆட்டோக்காரரிடம் மட்டும் சர்ச்சு என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தரிசனம் நல்லா பாருங்க என்று வாழ்த்தி அனுப்புவார். எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது. வந்ததுதான் வந்தோம் என்று மேலே நின்று ஊரைப் பார்த்து, காற்று வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அரக்கோணம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நான் போட்ட சண்டைகளைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்கள் வீட்டுக்காரர் பாவம் என்று எழுதியிருக்கிறார். அம்மா, அந்தப் பாவப்பட்ட மனிதரின் கதையைத்தான் இந்த வாரம் சொல்கிறேன். படித்துவிட்டு யார் பாவம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். இன்ஜினுக்கு அடியில் படுத்துப் படுத்தே சர்வீஸ் முடிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு மேடை ஏறி வேதம் வாசித்தால் ஊரே வாய் பிளக்கும். அப்படி ஒரு குரல். நான் இவரைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான். முகத்தை அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் பேப்பரைத் தள்ளிப் பிடித்தார். பிறகு பேப்பரே வேண்டாம், எல்லாம் கெட்ட செய்தி என்றார். கடைசியில் தட்டில் இருப்பது சட்னியா ஊறுகாயா என்று தொட்டு நக்கிப் பார்க்கிற நிலைமை.

சனிக்கிழமைப் பாடம்

அதற்குப் பிறகும் எப்படி மேடை ஏறினார் என்று கேட்பீர்கள். ஏற்றிவிட்டது நான்தான்.

சனிக்கிழமை சாயந்திரம் மறுநாளைக்குரிய பாடத்தை நான் சத்தமாக வாசிப்பேன். இவர் கண்ணை மூடிக் கேட்பார். பாதிக்கு மேல் ஏற்கெனவே மனப்பாடம். மீதியை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தால் பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை விரித்து வைத்து, அதன்மேல் தலையைக் குனிந்து, அப்படியே ஒப்புவிப்பார். நடுவில் பக்கம்கூடத் திருப்புவார். கண் இவ்வளவு மோசம் என்று எஸ்தருக்குக்கூடத் தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். ஆரம்பித்தால் இவருக்கு நிறுத்தத் தெரியாது. வசனம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் இருமல். நான் முன்வரிசையில் பெண்கள் பக்கம் உட்காருவேன். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் ஒரு இருமல். கவுண்டரில் கத்திக் கத்திக் கரகரத்த தொண்டை என்று ஊருக்கே தெரியும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆயர்கூட ஒருநாள் சுக்கு கஷாயம் குடிக்கச் சொன்னார்.

கால் விரல் நகத்தில்

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோயில் வளாகத்தில் தீர்க்கதரிசனக் கூட்டம் போட்டார்கள். வெளியூர்ப் போதகர் ஒருவர் பெரிய துணிப்படம் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் கட்டினார்.

அதில் ஓர் ஆள் உயரச் சிலை. தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும் கலந்தது. பக்கத்தில் ஏழு தலை மிருகம், பார்க்கவே பயங்கரம். ஒவ்வொரு உலோகமும் ஒரு ராஜ்யம், ஒரு காலம் என்று நீளமான குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார் போதகர். நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, குச்சியைச் சிலையின் கால் விரல் நகத்தில் வைத்தார். அதற்கு அப்புறம் உலகத்தின் முடிவும் கர்த்தரின் வருகையும்தான்.

நன்றாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். அந்த நாளையும் நேரத்தையும் ஒருவரும் அறியார் என்றும் சொன்னார். இவர் காதில் அது விழவில்லை. நகத்தோடு நின்றுவிட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! ஏன் என்று கேட்டேன்.

"கண்டம் ஆவப்போற இன்ஜினுக்கு எவனாவது புது லைட்டு மாட்டுவானா லில்லி? கர்த்தர் வந்தா புது சரீரமே வரப்போவுது. கடைசி வரைக்கும் பொறுத்துகினு இருந்தா போதும்" என்றார்.

கண்டம் ஆகி, கழித்துக்கட்டுகிற நாள் வரைக்கும் அது லைனில் ஓடுகிறதா இல்லையா, லைட் இல்லாத இன்ஜினை எந்த ஃபிட்டர் வெளியே விட்டான் என்று கேட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். முடிவு இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் போன வாரம் எதற்கு மாங்காய் வாங்கி வந்து ஒரு வருஷத்துக்கு ஊறுகாய் போடச் சொன்னீர்கள் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். ஊறுகாய் வேற விஷயம் என்றார். இன்னொன்றும் சொன்னேன்: குச்சி வைத்துக் காட்டிய போதகரே சோடாபுட்டிக் கண்ணாடிதான் போட்டிருந்தார்.

கர்த்தர் திரும்பி வருவார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனால் காத்திருக்கிறவர்களை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். வண்டி எப்போது வரும் என்று கவுண்டரில் கேட்பார்கள். லேட் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிடுவார்கள். பிள்ளைக்குத் தலை வாரிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சம்பந்தம் பேசி முடித்தவர்கள்கூட உண்டு. அப்படி இருப்பதால் வண்டிமேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா? எனக்குத் தெரிந்த பொறுமை அதுதான். இவருடைய பொறுமையோ, இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற பொறுமை.

கண் நாளுக்கு நாள் மங்கியது. முற்ற முற்ற ஆபரேஷன் சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நான் அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சமைக்காமல்கூடப் பார்த்தேன். பழைய சோற்றை ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டார்.

குட்டி யானையும் காவடியும்

எஸ்தர் கல்யாணத்தை ஆடி மாதத்தில் வைத்தோம். இந்துக்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அது ஒரு வசதி. ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் என்பதை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவில்லை, அவர்கள் பொதட்டூர்பேட்டைக்காரர்கள். திருத்தணியிலேயே இருக்கிற நாங்களும் மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய கூத்து இருக்க முடியுமா?

ஊரெல்லாம் மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. பிரியாணி ஏற்றிய குட்டி யானை லாரி கடைத்தெருவில் மாட்டிக்கொண்டது. ஆராதனை ஆரம்பிக்கிற நேரத்தில் சமையல்காரர் போன் பண்ணுகிறார், அக்கா வண்டி ஒரு அடி நகரவில்லை என்று. சுகுணா பெண்ணின் அம்மா, எழுந்து போக முடியாது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

காவடி எடுத்து வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணச் சாப்பாடா என்று கேட்டு, தோளில் காவடியோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். உள்ளே இருப்பது மட்டன் பிரியாணி என்று நான் சொல்லவில்லை. வாசனை சொல்லியிருக்கும். விரதத்தில் இருந்த ஒரு பெரியவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, போம்மா போ, நல்லபடியா நடக்கட்டும் என்றார்.

வண்டியை மண்டபத்துக்குள் விட்டுவிட்டு நான் கோயிலுக்குள் வந்தபோதுதான் பறவைகள். என் முன்வரிசை இடம் காலி. வாசலில் நின்று இருமினேன், இருமினேன், தொண்டை கிழிய இருமினேன். மேளமும் அரோகராவும் தெருவிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. எங்கே கேட்கும்?

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். பந்தியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "சம்பந்தி, பறவைங்களுக்கும் எலை போட்டாச்சுங்களா?"

பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார். வசனத்தின் வேகத்தில் வாய் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு ஆயர் வேறொருவரை வாசிக்கச் சொன்னார். இவர் கீழே உட்கார்ந்து, வாசிப்பவர் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

பிரியாணி அண்டா

அந்த ஞாயிறு மத்தியானம்தான் எஸ்தருக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் வீட்டில் விருந்து; சுகுணாவும் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் மாமா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போனில் கல்யாண போட்டோக்களைக் காட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள இவர் நல்லாருக்குது, நல்லாருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் சற்று நிறுத்தி, குனிந்து உற்றுப் பார்த்து, "அப்டியே உங்கம்மா ஜாடை" என்றார்.

அது பிரியாணி அண்டா. மூடியோடு.

எஸ்தர் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சுகுணா மட்டும் என் ஜாடையா அது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் எஸ்தரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அப்ப கல்யாணத்தன்னிக்கு நீ என்னைப் பாக்கவே இல்லியா மாமா?"

இவர் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "வெள்ளையா ஒண்ணு நவுந்து வந்துது. அதான் நீன்னு நெனச்சுகினேன்."

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் வாயில் இவரைத் திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் இவரே பேசினார்.

"ஏழு தலை மிருகத்துக்கு எனக்குப் பயமில்ல. கண்ணுல கத்தி வெக்கறதுதான் பயமா இருக்குது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. இவருடைய நைனாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ரொம்ப முற்றிய பிறகு ஒரு முகாமில் கண் ஆபரேஷன் செய்தார்கள். கட்டைப் பிரித்தபோது பார்வை வரவில்லை. பிரித்த அன்று பக்கத்தில் நின்றவர் இவர். நைனா திரும்பத் திரும்ப, விளக்கு போடுடா, விளக்கு போடுடா என்று சொன்னாராம். பட்டப்பகல்.

கண்ணில்லாத மாமனாரை எனக்குத் தெரியும். முணுமுணுக்காமல் வாழ்ந்து முடித்தார். பொறுமை என்றால் அவர்தான் என்று சபையில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பகல் விளக்கைப் பற்றி இவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. பயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் இருந்தவருக்கு அந்தப் போதகரின் துணிப்படம் நல்ல மறைவாகக் கிடைத்துவிட்டது. நானோ ஊறுகாயைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயப்படாதீங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எஸ்தர் முந்திக்கொண்டாள். இவர் கையைப் பிடித்து, "பயந்துகினே போலாம் மாமா. நானும் வரேன்" என்றாள்.

இவர் "ஆங்" என்றார். அவ்வளவுதான். எத்தனை மாதம் நான் தொண்டை வற்றக் கத்தியதற்கு வராத ஆங்.

இரண்டாம் முறை கட்டிய புடவை

சென்னை போகிற வழியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. மேசையில் படுக்க வைத்ததும் இவர் வசனம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பேசினால் கண் அசையும் ஐயா, பேசாமல் இருங்கள் என்றாராம் அந்த அம்மா. நிறுத்த என் இருமல் வேண்டியிருந்த மனிதர் அன்றைக்கு ஒரே சொல்லில் நிறுத்தினார். வெளியே நானும் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தோம். சாயந்திரம் அவள் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை கட்டைப் பிரிக்கும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். இவர் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கெஞ்சிக் கொஞ்சித் திறக்க வைத்தார். இவர் முதலில் மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளக்கு எரியுதா லில்லி?" என்றார்.

இல்லை, வெயில் என்றேன்.

கறுப்புக் கண்ணாடி மாட்டி, சொட்டு மருந்து கொடுத்து, கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்: கண்ணைக் கையால் தொடவே கூடாது, கசக்கவே கூடாது, நீர் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துத் துடைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து நான் பஞ்சு நனைக்கக் கொதித்த தண்ணீரை ஆற வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஆட்டோ நின்றது. எட்டிப் பார்த்தால் எஸ்தர் இறங்குகிறாள். உடம்பில் கல்யாணப் புடவை. அதே வெள்ளைப் பட்டு, ஜரிகை, தலையில் பூ. அப்படியே பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். பஸ் முழுக்கப் பார்த்ததாம். பக்கத்தில் இருந்த அம்மா, கல்யாணத்தன்னிக்கு ஓடி வந்துட்டியாடி என்று கேட்டதாம். சிரித்துக்கொண்டே வந்து மாமா எதிரில் நின்றாள்.

"இப்ப பாரு மாமா."

இவர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கம்மா ஜாடையே இல்லம்மா" என்றார். "அப்டியே உங்கப்பன்."

சொன்னதுதான் தாமதம், கண்ணில் பொலபொலவென்று நீர். கை தானாக மேலே போனது. தொடாதீங்க என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டில் கதவு திறந்தது. இவர் கையை இறக்கி, முழங்கால்மேல் இரண்டு உள்ளங்கையையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நீர் கன்னத்தில் இறங்கி மீசைக்கு வந்தது. நான் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முகத்தை என்னிடம் நீட்டிக்கொண்டு சொன்னார்: "கண்ணீரையெல்லாம் கர்த்தரே வந்து தொடைப்பாருன்னு எழுதியிருக்குது லில்லி. அவரு வர வரைக்கும் நீ தொடை."